வெளிநாட்டு மொழிப் பாடம்: ஜெர்மனா, ஜப்பானீஸா?

வணக்கம் நண்பர்களே. பட்டம் வாங்க ஒரு வெளிநாட்டு மொழியை இரண்டு செமஸ்டர் படித்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லணும்.

மனசு ஜப்பானீஸ் பக்கம்தான். தமிழ் மாதிரியே வினைச்சொல் வாக்கியக் கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு போலப் பெயருக்குப் பின்னால் சின்னச் சின்ன சொற்கள் ஒட்டுகின்றன. பார்த்ததும் ஒட்டிக்கொண்டது! ஆனால் ஹிராகானா, கட்டகானா என்று இரண்டு எழுத்து வரிசை, ஒவ்வொன்றிலும் 46 எழுத்து, அதற்கு மேல் கான்ஜி என்ற சீன எழுத்துகள். லேப் வேலையோடு இதைச் சமாளிக்க முடியுமா? ஜெர்மனில் எழுத்து பழகியதுதான், மூன்று பாலும் நான்கு வேற்றுமையும்தான் பயம்.

இன்னொன்று. வகுப்புக்குப் பதிலாக ஜேஎல்பிடி (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) என்5, அதாவது தொடக்க நிலை, சான்றிதழ் காட்டி விலக்கு வாங்கியவர்கள் உண்டா? அதில் பேச்சுத் தேர்வு கிடையாதே, துறையில் ஏற்றுக்கொண்டார்களா? படித்த அண்ணன், அக்காக்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், ப்ளீஸ்.