பிக்கப்பில் கேம்பரைக் கட்டுவது: டை-டவுன் மாட்டியவர்கள் சொல்லும் விவரங்கள்

எஃப்-250, ராம் 3500 மாதிரி பிக்கப்பில் கேம்பர் (தொட்டியில் தூக்கி வைக்கும் வீட்டுப் பெட்டி) ஏற்றுகிறவர்கள், அதை வண்டியோடு பிடித்துக் கட்டும் டை-டவுன் வாங்கும்போது முதலில் விலையைப் பார்க்கிறார்கள். அது வண்டியில் எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறது என்பதை அல்லவா பார்க்க வேண்டும்?

தொட்டியின் மேல்விளிம்பில் இருக்கும் குழிகளில் செருகி இறுக்கும் வகை மலிவு. துளை போட வேண்டாம், அரை மணியில் வேலை முடியும். ஆனால் அந்த விளிம்பு வெறும் தகடு. தண்ணீரும் சாமானும் ஏற்றிய, சுவர் கெட்டியான ஹார்டு-சைடு கேம்பர் 3,000, 4,000 பவுண்டு வரை சாதாரணமாக வரும். வளைவிலும் பள்ளத்திலும் அது ஆடும் ஒவ்வொரு தடவையும் தகடு வெளிப்பக்கம் இழுபடும். குழியின் மூலையில் பெயின்ட் மயிரிழையாக வெடிப்பது முதல் அறிகுறி. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் வெல்டிங் விடும். எஃப்-150க்கு 2015 மாடலிலிருந்தும் சூப்பர் டூட்டிக்கு (எஃப்-250 இருக்கும் வரிசை) 2017 மாடலிலிருந்தும் பாடி அலுமினியம். அந்த வண்டிகளுக்கு இந்த வகையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். சின்ன, எடை குறைந்த, கூரையை மட்டும் உயர்த்தும் பாப்-அப் என்றால் தொட்டித் தரையில் பெரிய பின்தகடு கொடுத்து ஐ-போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) மாட்டி உள்ளிருந்து கட்டலாம், அது வேறு கணக்கு.

சேசிஸில் மாட்டும் கிட் (டார்க்லிஃப்ட் கம்பெனி செய்வது இந்த வகைதான்) வண்டிக்கு வண்டி மாறும். ஆர்டர் செய்யும் முன் இவ்வளவும் கையில் இருக்கட்டும்: மாடல் வருடம், தொட்டி ஆறரை அடியா எட்டு அடியா, டீசலா பெட்ரோலா, ஹிட்ச் (பின்னால் டிரெய்லர் மாட்டும் அமைப்பு) கம்பெனியில் வந்ததா வெளியே மாட்டியதா, ஃபுட் போர்டு உண்டா, கூடுதல் டீசல் டேங்க் உண்டா. ஹிட்ச் விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பின்பக்க மவுண்ட் பல வண்டிகளில் ஹிட்ச்சை ஒட்டியே வருகிறது. ஹிட்ச் வேறு என்றால் துளையும் வேறு.

* * *

மேலே சொன்னதோடு, சேசிஸ் கிட்டை மாட்டும் வேலையைப் பற்றியும் சொல்கிறேன். இரண்டு பேர் இருந்தால் அரை நாள் வேலை. பழைய வண்டி, குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுகிற ஊர் என்றால், முந்தின ராத்திரியே ஹிட்ச் போல்ட்டுகளில் துரு விடும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள்.

பெரும்பாலும் சேசிஸில் ஏற்கெனவே இருக்கும் துளைகளே போதும். சிக்கல் என்னவென்றால் சேசிஸ் பெட்டி மாதிரி மூடியிருக்கும், உள்ளே கை போகாது. அதற்குத்தான் கிட்டில் சுருள் கம்பி கொடுக்கிறார்கள். போல்ட் வெளியே வர வேண்டிய துளை வழியாகக் கம்பியை விட்டு, பக்கத்துப் பெரிய துளையில் வெளியே எடுங்கள். முதலில் தடித்த சதுர வாஷரைக் கம்பியில் கோத்து உள்ளே தள்ளுங்கள். அப்புறம் கம்பி நுனியைப் போல்ட்டின் மரையில் திருகி, போல்ட்டையும் உள்ளே விட்டு மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கம்பி கழன்று போல்ட் உள்ளேயே விழும். நீளக் கைப்பிடி காந்தம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லா நட்டையும் முதலில் கையால் மட்டும் மாட்டுங்கள். இடது, வலது இரண்டும் தொட்டியின் கீழ்விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கின்றனவா என்று டேப் வைத்துப் பார்த்த பிறகு டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்). கிட்டோடு வரும் தாளில் போட்டிருக்கும் அளவுக்குத்தான் இறுக்க வேண்டும், இம்பேக்ட் கன் வைத்துக் குத்துமதிப்பாக இறுக்கக் கூடாது. 100 மைல் ஓடியதும் திரும்ப ஒரு சுற்று பாருங்கள், பெயின்ட் நசுங்கி உட்காருவதால் ஒன்றிரண்டு நட்டாவது கொஞ்சம் இடம் கொடுத்திருக்கும்.

துளை போட்டே ஆக வேண்டும் என்றால் சேசிஸின் செங்குத்துப் பக்கத்தில் மட்டும் போடுங்கள். மேல், கீழ் விளிம்புகளில் கூடவே கூடாது, வண்டி வளையும்போது முழு இழுவிசையும் அழுத்தமும் அங்கேதான் விழுகிறது. விரிசல் துளையில் தொடங்கிவிடும். சேசிஸில் வெல்டிங் வைப்பதும் வேண்டாம். ட்ரில் பிடிக்கும் முன் மறுபக்கம் எட்டிப் பாருங்கள்: பிரேக் குழாய், எரிபொருள் குழாய், வயரிங் எல்லாம் சேசிஸை ஒட்டியேதான் ஓடும். சைலன்சர் பக்கம் இருக்கும் மவுண்ட்டில் குழாய் உரசாமல் இடைவெளி விடுங்கள். டீசலில் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் அந்தப் பகுதி கொதிக்கும்.

* * *

கேள்வி: கேம்பரையும் மவுண்ட்டையும் இணைத்துத் திருகி இறுக்கும் டர்ன்பக்கிளுக்குப் பதில் நல்ல ராட்செட் பட்டை போட்டால் போதாதா?

* * *

சார், பட்டை நீளும். கேம்பரின் ஓரத்தில் உரசி அறுபடும். வீட்டிலிருந்து கடை வரைக்கும் சரி, மலைப்பாதைக்குச் சரிப்படாது.

டர்ன்பக்கிளிலும் ஸ்பிரிங் வைத்தது வாங்குங்கள். காரணம் இருக்கிறது. மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும், கேம்பர் பெட்டி அந்த அளவு முறுக்காது. விறைப்பான சங்கிலி என்றால் ஒரு மூலை தளர்ந்து, எதிர் மூலையில் மொத்த இழுவையும் ஏறும். அடுத்த நொடி மாறி நடக்கும். தளர்ந்த நொடியில் திறந்த வாய்க் கொக்கி நழுவி விழுந்துவிடும். ஸ்பிரிங் அந்த இரண்டையும் தாங்கிக்கொள்கிறது. கையில் இருப்பது சங்கிலிதான் என்றால் கொக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு, திருகி மூடும் இணைப்பு வளையம் போடுங்கள். டர்ன்பக்கிள் தானாகச் சுழலாமல் இருக்க லாக் நட்டும் வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது? எல்லாரும் அதிகமாகவே இறுக்குகிறார்கள். கேம்பரைக் கீழே அழுத்தி வைப்பது அதன் எடை. டை-டவுன் வேலை, அதை நகரவிடாமலும் எழும்பவிடாமலும் பிடிப்பது மட்டுமே. தளர்வு போகும் வரை கையால் திருகி, பிறகு ஸ்பிரிங் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு அமுங்கினால் போதும். முழுக்க அமுங்கிவிட்டால் அது ஸ்பிரிங் இல்லை, வெறும் இரும்புக் கம்பி. முன்பக்கம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, அப்புறம் பின்பக்கம்.

கோணமும் முக்கியம். முன் ஜோடியும் பின் ஜோடியும் எதிரெதிர்த் திசையில் சாய்ந்து இழுக்க வேண்டும். நாலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் மறுபக்க நகர்வைத் தடுக்க எதுவும் இல்லை. கேம்பரின் மூக்குக்கும் தொட்டியின் முன்சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அளவாக ஒரு மரச்சட்டம் வையுங்கள். பிரேக் அடிக்கும்போது முன்னால் சரிவதைத் தடுக்க வேண்டியது அந்தச் சுவர். டர்ன்பக்கிளை நம்பி அந்த வேலையை விடக் கூடாது. அடியில் ரப்பர் மேட் கட்டாயம். வழவழப்பான பிளாஸ்டிக் லைனர் இருந்தால் கழற்றிவிடுங்கள், அதன் மேல் மேட் போட்டாலும் இரண்டும் சேர்ந்து வழுக்கும்.

முதல் 10, 20 மைலில் நிறுத்தி ஒரு தடவை பாருங்கள். அதற்கப்புறம் டீசல் போடும்போதெல்லாம்.

* * *

எல்லாரும் வண்டிப் பக்கமே பேசுகிறீர்கள். இதுவரை பிய்ந்து வந்து பார்த்ததெல்லாம் கேம்பர் பக்கத்துக் கொக்கிகள்தான், சேசிஸ் மவுண்ட் இல்லை. பழைய கேம்பரில் இறக்கை (தொட்டிச் சுவருக்கு மேலே பக்கவாட்டில் நீண்டிருக்கும் பகுதி) ஓரத்துக்குள் இருப்பது மரச்சட்டம். சீலன்ட் காய்ந்து வெடித்தால் தண்ணீர் இறங்கி மரம் இற்றுவிடும், வெளியே அலுமினியத் தகடு பளபளவென்று இருக்கும். கொக்கியைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று இருந்தாலோ, திருகைக் கழற்றும்போது மரத்தூள் ஈரமாக வந்தாலோ கட்டாதீர்கள். இற்ற மரத்தை வெட்டி எடுத்துப் புதுச்சட்டம் வைத்து, ஊடுருவும் போல்ட்டும் உள்ளே எஃகுத் தகடும் கொடுங்கள். நீளமான திருகு போட்டுச் சமாளிப்பது ஒரு பயணத்துக்கு மேல் தாங்காது. திரும்ப மூடும்போது பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை), மேலே சீலன்ட். சிலிகான் பூசினால் அடுத்த தடவை எதுவும் ஒட்டாது.

* * *

அண்ணன் சொன்ன கொக்கி பிய்வதற்கு இன்னொரு காரணம்: கேம்பரை இறக்கும்போது டர்ன்பக்கிளைக் கழற்றாமல், அதைத் தூக்கும் ஜாக்கியை ஏற்றுவது. மின் ஜாக்கி சத்தமில்லாமல் வண்டியையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். நாலையும் கழற்றிக் கையில் எடுத்த பிறகுதான் ரிமோட்டைத் தொட வேண்டும். விளக்கு கனெக்டரும் அதே நேரத்தில்.

கேம்பர் இல்லாத நாட்களில் மவுண்ட்டுக்குள் செருகும் நீட்டுக் கையை, பூட்டும் பின்னை எடுத்து உருவி வைத்துவிடுங்கள். நடக்கிறவர்கள் முழங்காலில் இடிக்கும், சலசலக்கும், துருப்பிடித்து உள்ளேயே இறுகியும் விடும். செருகும் முன் கொஞ்சம் கிரீஸ். பின்னுக்கு உபரியாக இரண்டு கிளிப் டேஷ்போர்டில் கிடக்கட்டும், அதுதான் முதலில் தொலையும்.