வானவில் கோடு போட்ட போலரொய்ட்: படம் எடுக்கிறதோ, அலுமாரியில வைக்கிறதோ?

மாங்குளத்தான்:
கனடா மாமா விட்டுட்டுப் போன சூட்கேசுக்குள்ள ஒரு போலரொய்ட் கமரா, எடுத்த உடன படம் வெளிய தள்ளுமே, அது. வெள்ளை பிளாஸ்ரிக், முன்பக்கம் வானவில் கோடு, மடிக்க ஏலாது. பற்றரி போடுற இடத்தையே காணேல்லை. எந்தக் காலத்துச் சாமான்? பாவிக்கலாமோ?

கனகராயன்:
தம்பி, அது வன்ஸ்டெப். 1977இல வந்தது. பற்றரி கமராவில இல்லை, பிலிம் பெட்டிக்குள்ள தட்டையாக் கிடக்கும். எஸ்எக்ஸ்-70 பிலிம் தேடு. 600 பிலிம் 1981இல வந்தது, வெளிச்சத்தைப் பிடிக்கிற வேகம் நாலு மடங்கு, அதை அப்பிடியே போட்டால் படம் வெளிறிப் போகும். சூட்கேசுக்குள்ள பழைய பிலிம் கிடந்தாலும் ஆசைப்படாத, உள்ள இருக்கிற, படத்தைத் தெளிய வைக்கிற பசை காய்ஞ்சு பற்றரியும் செத்திருக்கும்.

அலம்பில்காற்று:
பேசாமல் அலுமாரியில வை. ஒரு பெட்டிக்கு எட்டே எட்டுப் படம். அதுவும் 13 பாகைக்கும் 28 பாகைக்கும் இடையில எடுக்கவேணுமாம். கச்சான் காத்து வீசேக்க கிளிநொச்சியில நிண்டு பாத்தனியே? எல்லாற்ற மூஞ்சியும் செம்மஞ்சளாத்தான் வரும். பூஜி கம்பனியின்ர இன்ஸ்டாக்ஸ் பிலிம் எண்டால் 40 பாகை வரைக்கும் தாங்கும். எல்லாத்தையும் விட, இதுக்கு நெகட்டிவ் இல்லை. 2009இல ஆல்பங்களை விட்டுட்டு ஓடின சனம் நாங்கள். திரும்பவும் ஒரேயொரு பிரதியை நம்புறதோ?

வற்றாப்பளையாள்:
அண்ணை, இன்ஸ்டாக்ஸுக்கு மட்டும் நெகட்டிவ் இருக்கோ? ஸ்ரூடியோக்களில இருந்த நெகட்டிவும் ஆல்பத்தோட சேந்துதானே போனது. எங்கட வீட்டில மிஞ்சினது சுவிசுக்கு அனுப்பின படங்கள் மட்டும்தான். படம் தெளிஞ்ச உடன போனில ஒரு பிரதி எடுத்து நாலு பேருக்கு அனுப்பினால் சரி.

வெக்கைக்கும் வழி இருக்கு. பிலிமைப் பிரிட்ஜில வை, ஐஸ் தட்டில வேண்டாம். மார்கழி, தை விடியப்புறத்தில எடு. வன்ஸ்டெப்பில பிளாஷ் இல்லை, வெளிச்சம் வந்தாப்பிறகு வெளியில நிண்டுதான் எடுக்கோணும். வெளிய வந்த படத்தை உதறாத, கவிட்டு நிழலில வை. கலர் படம் தெளியக் கால் மணித்தியாலம் ஆகும்.

கனகராயன்:
பிலிம் வாங்க முதல் கமரா ஓடுதோ எண்டு பார். ஆரிட்டையாவது பாவிச்சு முடிச்ச வெறும் பெட்டி இருந்தால் வாங்கிப் போடு. அதின்ர பற்றரியில கனக்கத் தரம் கொஞ்சம் சக்தி மிஞ்சியிருக்கும், மோட்டர் உறுமினால் உயிர் இருக்கு. முன்கதவைத் திறந்தால் ரெண்டு இரும்பு உருளை தெரியும். அதில காய்ஞ்ச பசை ஒட்டியிருந்தால் ஈரத்துணியால உருட்டி உருட்டித் துடை. இல்லாட்டி படம் முழுக்க ஒரே இடைவெளியில புள்ளி விழும்.

அலம்பில்காற்று:
கம்பனி 2008இல பிலிமைக் கைவிட்டது, ஒல்லாந்துத் தொழிற்சாலையை வேற ஆக்கள் எடுத்து 2010இல திரும்பத் துவங்கினவை. நாளைக்கு அவையும் நிப்பாட்டினால் கமரா வெறும் பெட்டிதானே?

வற்றாப்பளையாள்:
அதுக்காக இண்டைக்கே பெட்டியாக்கிறதோ? பழைய பெட்டியில பத்துப் படம் இருந்தது, இப்ப எட்டு. அதால கமராவில மிச்சப் படத்தைக் காட்டுற இலக்கம் 2இல நிண்டால் பிலிம் முடிஞ்சுது எண்டு அர்த்தம், பழுது எண்டு கழட்டிப் போடாத தம்பி.

அலம்பில்காற்று:
சரி, எடுங்கோ. ஆனால் ஆற்றையும் கலியாணவீட்டுக்கு இதை மட்டும் நம்பிப் போகாத.

மாங்குளத்தான்:
வாற மாதம் மச்சான் ரொறன்ரோவில இருந்து வாறான், ரெண்டு பெட்டி சொல்லிவிடப் போறன்.

கனகராயன்:
பெரிய பாக்குக்குள்ள போடவேண்டாம் எண்டு சொல்லு, எயார்போட்டில அதைப் பாக்கிற எக்ஸ்ரே பிலிமைக் கெடுத்துப்போடும். கைப்பையில வைச்சு, கையால பாக்கச் சொல்லிக் கேக்கட்டும்.