காலாவதி மருந்து கலந்த தொட்டி: அமோனியா இறங்கவில்லை

உப்புவெளியான்:
திருகோணமலையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கழிவுநீர்த் தொட்டிகளை நான்கு வருடமாகப் பார்க்கிறேன். போன மாதம் காலாவதியான அமொக்சிசிலின் பாணியையும் சிப்ரோபுளொக்சசின் ஊசிமருந்தையும் (இரண்டும் பக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள்) பெட்டி பெட்டியாக யாரோ சிங்கில் ஊற்றிவிட்டார்கள். காற்றூட்டும் தொட்டியில் வெள்ளை நுரை எழும்பிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இப்போது நுரை அடங்கிவிட்டது, சேறு ஒழுங்காகப் படிகிறது, மேல்நீரும் தெளிவு. அமோனியா மட்டும் இறங்கவே இல்லை. பக்டீரியா பிழைத்ததா, செத்ததா? காய்ந்த சேற்றை நிலாவெளியில் வெங்காயத் தோட்டத்துக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

பழைய ஆய்வுகூடக்காரன்:
தம்பி, இரண்டும்தான். மலத்தையும் சோற்றுக் கஞ்சியையும் தின்னும் பக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே இரட்டிப்பாகும். அமோனியாவை நைத்திரேற்றாக்கும் நைத்ரோசோமோனாஸ், நைத்ரோஸ்பைரா கூட்டத்துக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ வேண்டும். அதனால்தான் தெளிவு முதலில் திரும்பியது. சேறு வெளியேற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வளர்வதையும் கழுவி அனுப்பிவிடுவீர்கள். கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போகக்கூடாது.

பிழைத்தவை எப்படிப் பிழைத்தன என்பதுதான் என்னை உறுத்துகிறது. அவை பசைபோன்ற திரளுக்குள் ஒட்டி வாழ்கின்றன, உள்ளே இருப்பவற்றுக்கு மருந்து மெதுவாகத்தான் எட்டும். சில, நொதியம் சுரந்து அமொக்சிசிலினின் வளையத்தை வெட்டும். சில, உள்ளே வந்த சிப்ரோவை வெளியே பம்ப் பண்ணும். இந்த வித்தைகளின் மரபணுவில் பல பிளாஸ்மிட்டில் (பக்டீரியாக்களுக்குள் கைமாறும் சிறு டி.என்.ஏ. வளையத்தில்) ஏறி அடுத்த இனத்துக்கும் போய்விடும். உங்கள் தொட்டியில் அதற்குப் பக்கத்திலேயே நோயாளிகளின் குடலிலிருந்து வந்த கிருமிகள் கிடக்கின்றன!

சேற்றைக் கொடுக்கவே வேண்டாம். அமொக்சிசிலின் விரைவில் சிதையும், சிப்ரோ சேற்றில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

அப்புறம், காரத்தன்மையை, அதாவது அமிலத்தைத் தாங்கும் நீரின் சக்தியை, அளந்து பாருங்கள். ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசன் நைத்திரேற்றாக மாற ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். உள்ளே வரும் நீரைவிடத் தொட்டியில் குறைந்தால் நைத்திரேற்றாக்கும் கூட்டம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கிண்ணியா மருந்தாளர்:
எங்கள் மருந்தகத்திலும் சிங்குக்கு மேலே 'மருந்து ஊற்றாதீர்கள்' என்று தாள் ஒட்டினோம், யாரும் வாசிக்கவில்லை. பிறகு துப்புரவு செய்யும் அக்காவைக் கூட்டிப்போய்க் குழாய் எங்கே போய் விழுகிறது என்று காட்டினேன். அன்றிலிருந்து ஒரு குளிசைகூடச் சிங்கில் விழவில்லை. காலாவதியானதை எல்லாம் பூட்டிய பெட்டியில் சேர்த்து எரியூட்ட அனுப்புகிறோம்.

உப்புவெளியான்:
நன்றி ஐயா. அன்றைக்கு அளந்தபோது காரத்தன்மை உள்ளே வரும் நீரில் 250, தொட்டியில் 245. சேறு எடுப்பதை நிறுத்தினேன், ஒரு ஹோட்டல் தொட்டியிலிருந்து பவுசரில் நல்ல சேறும் கொண்டுவந்து விட்டேன். பதினாறு நாளாகிறது. இன்று காலை தொட்டியில் 170.

பழைய ஆய்வுகூடக்காரன்:
தொடங்கிவிட்டன தம்பி! இன்னும் இரண்டு கிழமைக்குச் சேற்றில் கை வைக்காதீர்கள்.