கணக்கில் .458 சாது, தோளில் மட்டும் ஏன் இந்த அறை?

தோள்வலி:
என்னிடம் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ரைஃபிள் இருக்கிறது. பல வருடப் பழக்கம், அதன் உதை இப்போது பெரிதாகத் தெரிவதில்லை. அடுத்ததாக இன்னும் பெரியது ஒன்று வாங்கலாம் என்று, நண்பரின் மூன்று துப்பாக்கிகளை ஒரே நாளில் சுட்டுப் பார்த்தேன்: .416 ரிக்பி, .458 வின்செஸ்டர் மேக்னம், .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இரட்டைக்குழல்.

போகும் முன்பே பின்னுதைப்பைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் 4.5 கிலோ எடை என்று வைத்தால் .375 சுமார் 51 ஜூல், .458 சுமார் 83, .416 சுமார் 86, .470 சுமார் 106. நடந்ததோ தலைகீழ். .470 சுடச்சுட ஆசையாக இருந்தது. .416 ஆளைப் பிடித்துத் தள்ளியது, அவ்வளவுதான். .458-இல் மூன்றாவது தோட்டாவோடு நிறுத்திவிட்டேன். பொறி கலங்கிப்போனது. தோள் கன்றி நீலமாகிவிட்டது, கன்னத்து எலும்பும் வலிக்கிறது. கணக்கு தப்பா, என் தோள் தப்பா?

பழையகுழல்:
உங்கள் பெருக்கலில் தப்பில்லை, 4.5 கிலோ என்று வைத்ததுதான் தப்பு. மூன்றும் ஒரே எடையாக இருக்கவே முடியாது. மேலே மாட்டிய குறிபார்க்கும் தொலைநோக்கிக் கண்ணாடி, உள்ளே போடும் தோட்டாக்கள் எல்லாவற்றோடும் தராசில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம், எதை உட்கார்ந்து சுட்டீர்கள், எதை நின்று சுட்டீர்கள்? எது கடைசி?

தோள்வலி:
நிறுத்துப் பார்த்தோம். .416 கண்ணாடியோடு 5.1 கிலோ. .470 சரியாக 4.9. .458 வெறும் 3.9! கையில் எடுத்தபோது "அட, தூக்க எவ்வளவு சுகம்" என்று மெச்சியது நான்தான். .470-ஐ நின்று சுட்டேன். மற்ற இரண்டும் மேசையில், மணல் மூட்டை மேல். .458 கடைசி.

பழையகுழல்:
அப்படியென்றால் மறுபடி போடுவோம். குண்டும் வெடிமருந்து எரிந்து வரும் வாயுவும் முன்னால் போகிற உந்தம் எவ்வளவோ, அவ்வளவு துப்பாக்கிக்குப் பின்னால் வரும். அதை எடையால் வகுத்தால் பின்னால் வரும் வேகம். உங்கள் .416 விநாடிக்கு 5.4 மீட்டர், 75 ஜூல். .458 விநாடிக்கு 7 மீட்டர், 96 ஜூல். சாது என்று நினைத்ததே முரடாகிவிட்டது பாருங்கள்.

ஜூலை விட இந்த வேகத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தள்ளுவதற்கும் அறைவதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

தோள்வலி:
சரி, ஆனால் .470-ஐ இதே மாதிரி போட்டால் 97 ஜூல் வருகிறதே! .458-க்குச் சமம். அது ஏன் வலிக்கவில்லை? பழைய நைட்ரோ தோட்டாக்களில் அழுத்தம் குறைவு, அதனால் மெதுவாகத் தள்ளும் என்கிறார் நண்பர்.

அரைக்கிலோ:
நானும் பல வருடம் அதைத்தான் நம்பினேன். குண்டு குழலை விட்டு வெளியேற இரண்டு மில்லிவிநாடிகூட ஆகாது. அதற்குள் "மெதுவாக", "வேகமாக" என்று பிரித்துப் பார்க்கத் தோளுக்குத் தெரியாது. ஜூல் சமம்தான், ஆனால் .470 விநாடிக்கு 6.3 மீட்டரில் வருகிறது, .458 ஏழில். மீதி விஷயம் நீங்கள் நின்று சுட்டதில் இருக்கிறது. நிற்கும்போது இடுப்பிலிருந்து உடம்பு முழுக்கப் பின்னால் சாயும். மேசையில் குனிந்து உட்கார்ந்தால் சாய இடமில்லை, மொத்தத்தையும் தோள்பட்டை எலும்பே வாங்கிக்கொள்ளும். பெரிய ரைஃபிளை மேசையில் வைத்துச் சுட்டு மதிப்பிடுவது அதற்குச் செய்யும் அநியாயம். கண்ணாடி இருந்தால் புருவத்துக்கும் ஆபத்து, குனியக் குனியக் கண் அதை நெருங்கிவிடும்.

அடிக்கட்டை, அதாவது தோளில் வைக்கும் கட்டை, அதன் நீளத்தைப் பார்த்தீர்களா? கன்னம் வலித்தது என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். கட்டை குட்டையாக இருந்தாலோ, தோளில் பதியும் அதன் பின்முனை அதிகமாகத் தாழ்ந்திருந்தாலோ குழல் மேலே எகிறும், கட்டை கன்னத்தில் ஏறும். வெதர்பி கம்பெனிக் கட்டைகளில் கன்னம் பதியும் மேடு முன்பக்கம் சரிந்திருப்பது இதற்காகத்தான்: பின்னால் வர வர முகத்தை விட்டு விலகும்.

தோள்வலி:
நண்பர் என்னை விட ஒரு தலை குள்ளம். கட்டையைத் தன் கைக்கு ஏற்ப வெட்டி வைத்திருக்கிறார். குழல் முனையில் மாட்டும் மஸில் பிரேக் போட்டால் தீருமா?

பழையகுழல்:
பிரேக்கால் வாயுவைத்தான் திருப்ப முடியும், குண்டின் பங்கை ஒன்றும் செய்ய முடியாது. .460 வெதர்பி மாதிரி மருந்தை அள்ளிப் போடும் தோட்டாவில் உந்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வாயு, அங்கே நன்றாக வேலை செய்யும். உங்கள் .458-இல் நாலில் ஒரு பங்குதான். பதிலுக்குச் சத்தம் பக்கவாட்டில் வந்து காதைப் பிளக்கும், கூட நிற்பவருக்கு இன்னும் மோசம். நானாக இருந்தால் முதலில் நல்ல ரப்பர் திண்டும் அரைக்கிலோ எடையும்தான் கேட்பேன்.

அரைக்கிலோ:
என் பெயரை இழுத்துவிட்டீர்கள். ஆமாம், கட்டைக்குள் ஈயம் வைப்பதுதான் மலிவான வைத்தியம். ஆனால் ஒன்று, பாரம் ஏற்றிய தாங்கியில் துப்பாக்கியை இறுக்கி வைத்துச் சுட வேண்டாம். தோள் தப்பிக்கும், கட்டை பிளந்துவிடும்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். உங்களுக்குத் தெரியாமல் நண்பர் தோட்டா போடட்டும், நடுநடுவே பொய்த் தோட்டா. அது வரும்போது குழல் அசைகிறதா என்று அவர் பார்க்கட்டும். அசைந்தால், உதைக்குப் பயந்து முன்கூட்டியே துள்ளுகிறீர்கள் என்று அர்த்தம்.

தோள்வலி:
நேற்றுப் போனோம். .458 கட்டைக்கு ரப்பர் உறை மாட்டி இரண்டு சென்டிமீட்டர் நீட்டினோம், நின்றுகொண்டு, காதில் அடைப்பான் வைத்து அதற்கு மேல் மூடியும் போட்டு, காலையில் முதல் வேலையாகச் சுட்டேன். உதை பலம்தான், ஆனால் கன்னத்தைத் தொடவே இல்லை. ஐந்து தோட்டா தாண்டியும் தோள் பேசாமல் இருந்தது.

பொய்த் தோட்டா விஷயம்தான் மானத்தை வாங்கிவிட்டது. விசை "டிக்" என்றதும் குழல் ஒரு சாண் கீழே போய்விட்டதாம், கண்ணையும் இறுக மூடிக்கொண்டேனாம். நண்பர் சிரித்து ஓய்ந்த பிறகு .375-இலும் அதையே செய்து பார்த்தோம். அதிலும் குழல் தாழ்ந்தது.