பஞ்ச் நீடிலில் பொம்மை வீட்டுக் கார்ப்பெட்: திரும்பி வரும்போது மட்டும் நூல் உருவிக்கொண்டு வருகிறது, உதவுங்கள்

மரப்பாச்சி:
மகளின் பிறந்தநாளுக்காக பிளைவுட்டில் ஒரு பொம்மை வீடு செய்துகொண்டிருக்கிறேன். 1:12 அளவு, நிஜ வீட்டில் ஓர் அடி என்றால் இதில் ஓர் அங்குலம். சுவர், ஜன்னல், ஊஞ்சல் எல்லாம் முடிந்தது. ஹாலில் போட 4க்கு 6 அங்குலத்தில் சிவப்புக் கார்ப்பெட் ஒன்று, கடுகு மஞ்சள் பார்டரோடு செய்யலாம் என்று மூன்று மெல்லிய ஊசி உள்ள பஞ்ச் நீடில் செட் வாங்கினேன், குழல் மாதிரி ஊசிக்குள் நூலை ஓட்டித் துணியில் குத்திக் குத்தி எடுத்தால் மறுபக்கம் நூல் வளையம் வளையமாக (லூப்) நிற்குமே, அதுதான். நடு ஊசியில் எம்பிராய்டரி நூல் மூன்று இழை கோத்திருக்கிறேன். துணி வீட்டில் இருந்த காடா, பிரேம் மரத்தில் ஆனது.

முதல் வரிசை அழகாக நிற்கிறது. ஆனால் அந்த வரிசை முடிந்து திரும்பி வரும்போது, அடுத்த குத்துக்கு ஊசியைத் தூக்கினால் முந்தின குத்து அப்படியே உருவிக்கொண்டு வருகிறது. போன ஞாயிறு முழுக்க உட்கார்ந்தும் நாலு வரிசை தேறவில்லை. இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. நடுவில் அவள் பெயரின் முதலெழுத்து 'ய' வேறு போட ஆசை. எதில் தப்பு செய்கிறேன்?

நூல்கண்டு:
இந்த வேலையில் முடிச்சு என்பதே கிடையாது. துணியின் இறுக்கமும் பக்கத்து லூப்களின் நெருக்கமும்தான் நூலைப் பிடித்து வைத்திருக்கின்றன, அதனால் மேலே நூலை எது கொஞ்சம் இழுத்தாலும் லூப் வெளியே வந்துவிடும். நூல் பிரேமுக்கு அடியில் மாட்டியிருக்கிறதா, உங்கள் முழங்கை அதன் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஊசியிலிருந்து நூலை விரலால் இழுத்தால் தடையே இல்லாமல் வழுக்கி வர வேண்டும். பிடித்தால், ஊசிக்கு இழை அதிகம் என்று அர்த்தம்.

மரப்பாச்சி:
இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டுதான் வருகிறது. நூல் மடியில் தளர்வாகத்தான் கிடக்கிறது.

ஊசிமுனை:
போகும்போது நிற்கிறது, திரும்பும்போது நிற்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. ஊசி முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் பேனா நிப்பு மாதிரி சாய்வாகச் சீவித் திறந்திருக்கும், அதற்கு எதிர்ப்பக்கம் சின்னக் கண் இருக்கும். கைப்பிடி வழியாக இறங்கும் நூல் அந்தத் திறப்பில் வெளியே வந்து, அங்கிருந்து கண்ணுக்குள் நுழைந்து பின்பக்கம் போக வேண்டும். குத்தும்போது சீவிய பக்கம் நீங்கள் போகும் திசையையே பார்த்திருக்க வேண்டும், நூல் ஊசிக்குப் பின்னாலேயே வர வேண்டும். வரிசை முடிந்ததும் கையை அப்படியே வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் குத்தினால் ஊசி பின்னோக்கி நடக்கிறது, தான் போட்ட நூலைத் தானே இழுத்துவிடுகிறது.

எனக்கு இதைச் சொல்லித்தர யாரும் இல்லாமல் இரண்டு மாதம் வீணானது. கையைத் திருப்பாதீர்கள், பிரேமைத் திருப்புங்கள். அப்புறம் ஒவ்வொரு குத்திலும் கைப்பிடி துணியைத் தொடும்வரை இறக்குங்கள், மேலே எடுக்கும்போது முனை துணியை விட்டு வந்ததும் போதும், உயரமாகத் தூக்காமல் துணி மேலேயே உரசிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

மரப்பாச்சி:
அக்கா, அதேதான்! நேற்று ராத்திரி மகள் தூங்கின பிறகு பிரேமைத் திருப்பித் திருப்பிக் குத்தினேன், ஏழு வரிசை, ஒரு லூப்கூடக் கழன்று வரவில்லை. ரொம்ப நன்றி. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. குத்தக் குத்தக் காடா தொய்ந்துபோகிறது. இன்னொன்று, கார்ப்பெட்டைப் பொம்மைச் சோபாவுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் புல்வெளி மாதிரி இருக்கிறது. லூப் 3 மில்லிமீட்டர்தான் வருகிறது.

நூல்கண்டு:
3 மில்லிமீட்டரைப் பன்னிரண்டால் பெருக்குங்கள், 36 மில்லிமீட்டர். நிஜ வீட்டில் ஒன்றரை அங்குலம் நூல் நிற்கிற கார்ப்பெட், பொம்மை நாற்காலியின் காலடி அதில் மூழ்கிவிடும். லூப்பைக் குறைத்தே ஆக வேண்டும். உங்கள் ஊசியில் அளவு மாற்றும் திருகு இல்லையென்றால், எலெக்ட்ரிக் வயரின் பிளாஸ்டிக் உறையில் ஒரு துண்டு வெட்டி, உள்ளே இருக்கும் கம்பியை உருவிவிட்டு, ஊசியில் மாட்டிக் கைப்பிடி வரை தள்ளுங்கள். உறை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு லூப் குட்டையாகும். உறையைச் சிறிது சிறிதாக வெட்டி, ஓரத்தில் குத்திப் பார்த்து அளவு பிடியுங்கள். ரொம்பக் குட்டையானால் லூப் நிற்காது.

காடா இதற்குச் சரிவராது. நெசவு தளர்வு, குத்தினால் ஓட்டை பெரிதாகும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த, நெருக்கமாக நெய்த டெரிகாட்டன் எடுங்கள், சட்டைத் துணியைவிடக் கொஞ்சம் கனமாக. பிரேமின் உள்வளையத்தில் பருத்தி நாடா சுற்றிவிட்டால் துணி நழுவாது. விரலால் சுண்டினால் தப்பு மேளம் மாதிரிச் சத்தம் வர வேண்டும், தொய்ந்தால் உடனே இழுத்து இறுக்குங்கள்.

கிளிப்பச்சை:
'ய' பற்றி யாருமே சொல்லவில்லையே. நீங்கள் குத்துவது பின்பக்கம், லூப் வருவது மறுபக்கம், அதனால் எழுத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். காகிதத்தில் எழுதி, ஜன்னல் கண்ணாடியில் திருப்பி ஒட்டி, மேலே துணியை வைத்து அச்செடுங்கள். எழுத்தையும் பார்டரையும் முதலில் குத்திவிட்டு அப்புறம் சிவப்பை நிரப்புங்கள், இல்லாவிட்டால் சிவப்பு நெருக்கி எழுத்தின் சுழிவு தெரியாமல் போகும். இந்த அளவுக்கு எழுத்து மட்டுமாவது சின்ன ஊசியில் ஒற்றை இழையாக இருந்தால் நல்லது.

இன்னொரு யோசனை. குத்தும் பக்கம் தட்டையாக, நெய்த மாதிரியே இருக்கும். மாடி அறைக்குப் பவானி ஜமக்காளம் மாதிரி பட்டை பட்டையாக ஒன்று வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தையே மேலே வைத்துவிடலாம், அப்போது எதையும் திருப்பி வரைய வேண்டாம். நான் கொலுவுக்கு அப்படித்தான் செய்தேன்.

மரப்பாச்சி:
ஜமக்காளம்! கட்டாயம் செய்கிறேன். முடித்த பிறகு ஓரம் சுருண்டுகொள்ளாமல் இருக்க பின்னால் பசை தடவலாமா?

நூல்கண்டு:
தடவலாம், துணிப் பசை மெல்லிசாக.

ஊசிமுனை:
நான் வேண்டாம் என்பேன். பசை காய்ந்தால் அட்டை மாதிரி விறைத்துப்போய் தரையில் படியாமல் நிற்கும், பொம்மை வீட்டில் அதுதான் முதலில் கண்ணில் படும். சுருள்வதற்குக் காரணம் அளவுக்கு மீறி நெருக்கிக் குத்துவது. வரிசைக்கும் வரிசைக்கும் ஓர் ஊசித் தடிமன் விடுங்கள். முடிந்ததும் டவல் மேல் லூப் பக்கத்தைக் கவிழ்த்து, ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுங்கள், தேய்க்க வேண்டாம். சுற்றிலும் அரை அங்குலம் துணி விட்டு வெட்டி, பின்னால் மடித்து, அதே சிவப்பு நூலில் விளிம்போடு சேர்த்துத் தைத்துவிடுங்கள்.

மரப்பாச்சி:
சரி அக்கா, தைத்தே விடுகிறேன். நாளைக்குத் துணிக்கடைக்குப் போகிறேன். கால் மீட்டர் டெரிகாட்டன் போதுமா?

ஊசிமுனை:
போதாது. கார்ப்பெட் மொத்தமும் ஒரே பிரேமுக்குள் அடங்க வேண்டும், குத்தின இடத்தின் மேல் பிரேம் ஏறினால் லூப் நசுங்கிவிடும். 4க்கு 6 என்றால் மூலைக்கு மூலை ஏழேகால் அங்குலம் வருகிறது, ஆகக் குறைந்தது 8 அங்குலப் பிரேம் வேண்டும். அதைச் சுற்றி இழுத்துப் பிடிக்கவும் துணி வேண்டுமே. அரை மீட்டராக வாங்குங்கள், மிச்சத்தில் ஜமக்காளம் ஆகிவிடும்.