காரில் போட்டால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமல் போகிறது: வீட்டில் மிக்ஸிங் செய்ய எந்த ஹெட்போன் வாங்கலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கையின் பாட்டையும் நண்பர்களின் மிருதங்கம், வயலின் ஆகியவற்றையும் பதிவு செய்து, ரீப்பர் மென்பொருளில் நானே மிக்ஸிங் (தனித்தனித் தடங்களை அளவாகக் கலப்பது) செய்து வருகிறேன். இதுவரை கடையில் வாங்கிய சாதாரண புளூடூத் ஹெட்போனைத்தான் பயன்படுத்தினேன். அதில் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) கும்மென்று நிறைவாகக் கேட்கிறது. ஆனால் அதே கோப்பை அப்பாவின் காரில் போட்டால் தொப்பி இருக்கும் இடமே தெரிவதில்லை. வலப்பக்கமான வலந்தலை மட்டும் தகரத்தில் தட்டுவதுபோல் ஒலிக்கிறது. தங்கை பாடும் ‘ச’கரமும் காதைக் குத்துகிறது. மூன்று முறை திருத்தியும் இதே நிலைதான்.

என்னால் அதிகபட்சம் 10,000 ரூபாய் செலவிட முடியும். நண்பர் ஒருவர் தம்மிடமுள்ள பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம் ஹெட்போனைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். அதை வாங்கலாமா? மிக்ஸிங் செய்யும்போது ஹெட்போனை லேப்டாப்பில்தான் நேரடியாகச் செருகுவேன்.

மறுமொழி 1

வணக்கம் தம்பி. உங்கள் மிக்ஸில் தொப்பி ஏன் மறைகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கேட்பதற்காக விற்கப்படும் புளூடூத் ஹெட்போன்கள் பலவற்றில் பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) வேண்டுமென்றே தூக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்தக் கூடுதலைப் பதிவில் இருப்பதாக நம்பி, “இது அதிகமாக இருக்கிறதே” என்று ஈக்யூவில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) நீங்களே வெட்டியிருப்பீர்கள். காரில் அந்தக் கூடுதல் இல்லை. நீங்கள் வெட்டியது மட்டும்தான் மிஞ்சுகிறது. தொப்பித் தடத்தின் ஈக்யூவைத் திறந்து, 80 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை என்ன செய்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

டிடி 990 ப்ரோ தரமான பொருள்தான், ஆனாலும் உங்கள் நிலைமைக்கு இரண்டு காரணங்களால் பொருந்தாது. அது பின்புறம் திறந்த வகை என்பதால், பதிவின்போது தங்கை அதை மாட்டிக்கொண்டால் உள்ளே ஓடும் தம்புராவும் தாள ஒலியும் வெளியே கசிந்து, அவர் பாடும் மைக்கில் ஏறிவிடும். இரண்டாவது, 250 ஓம் மின்தடை உள்ள ஹெட்போனுக்குப் பெரும்பாலான லேப்டாப்புகளின் செருகுவாய் தரும் மின்னழுத்தம் போதாது. ஒலியளவை முழுவதும் ஏற்றினாலும் சத்தம் குறைவாகத்தான் இருக்கும்.

நீங்கள் வாங்க வேண்டியது பின்புறம் மூடிய, கம்பியுள்ள, மின்தடை குறைந்த ஹெட்போன். ஆடியோ டெக்னிகா ஏடிஹெச் எம்40எக்ஸ், 35 ஓம், முதலில் பார்க்க வேண்டியது. அதே வரிசையில் பெயர்பெற்ற எம்50எக்ஸில் பேஸ் சற்றுத் தூக்கலாக இருப்பதால், உங்கள் சிக்கலுக்கு எம்40எக்ஸே மேல். சோனி எம்டிஆர் 7506, 63 ஓம், 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கி வருவது. அதில் ட்ரெபிள் (உயர்ந்த, கூர்மையான ஒலி) சற்று முன்னே நிற்பதால் ‘ச’கரக் குறை உடனே பிடிபடும். விலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் நான்கு இடத்தில் விசாரித்து வாங்குங்கள்.

மறுமொழி 2

ஐயா சொன்னதோடு எனக்கும் உடன்பாடுதான், ஆனால் ஒரு சந்தேகம். இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து மிக்ஸிங்குக்கான மானிட்டர் ஸ்பீக்கரே வாங்கினால் இந்தத் தொல்லை அடியோடு தீராதா?

மறுமொழி 1

அறை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது, அம்மா. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே பத்தடி தூரம் இருந்தால் ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸில் நிலையலை, அதாவது சுவர்களுக்கு இடையே மோதித் திரும்பி ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் நிற்கும் ஒலி, உண்டாகும். அறையின் நடுவில் உட்கார்ந்தால் அந்த ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும்; சுவரோரம் போனால் அதுவே திரண்டு நிற்கும். சுவர்களையும் மூலைகளையும் பதப்படுத்தாத சிறிய அறையில் பேஸைப் பற்றி ஸ்பீக்கர் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. நல்ல ஹெட்போனில் அந்தத் தொல்லை இல்லை என்பதால்தான் குறைந்த செலவில் தொடங்குபவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. ஈக்யூவைத் திறந்து பார்த்தபோது, தொப்பித் தடத்தில் 100 ஹெர்ட்ஸுக்கு அருகே 5 டெசிபெல் வெட்டி வைத்திருந்தேன். நீங்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. எம்40எக்ஸ் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. முதல் நாள் அதில் பேஸே இல்லை என்று மனம் சோர்ந்தேன். பிறகு எனக்கு மனப்பாடமான கச்சேரிப் பதிவுகளைத் தினமும் ஒரு மணி நேரம் கேட்டுப் பழகியபின், அவற்றில் தொப்பி எவ்வளவு அடக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது என்பது புரிந்தது. வெட்டை 1 டெசிபெல்லாகக் குறைத்தேன். ‘ச’கரம் குத்திய 7 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் அந்தக் கூர்மையை அடக்கும் டீ-எஸ்ஸர் போட்டேன். நேற்று அப்பாவின் காரில் ‘தோம்’ என்ற சொல் தோமாகவே கேட்டது.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. ஹெட்போனில் அளவாகத் தெரியும் எதிரொலி, ஸ்பீக்கரில் வறண்டு கேட்கிறது. வயலினும் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது.

மறுமொழி 1

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது, தம்பி. ஹெட்போனில் ரெவெர்பின், அதாவது நீங்கள் சொல்லும் எதிரொலியின், நுணுக்கமெல்லாம் காதோடு கேட்பதால் கை தானாகவே குறைத்துப் போடும்; ஆகவே மனத்துக்குச் சரியென்று பட்ட அளவைவிட ஓரிரு டெசிபெல் கூட்டி வைத்துக் காரில் கேளுங்கள். இடது ஸ்பீக்கரின் ஒலி இரண்டு காதுகளுக்கும் வரும், ஹெட்போனிலோ இடது ஒலி இடது காதுக்கு மட்டுமே வரும் என்பதால், வயலினை எங்கே நிறுத்துவது என்பதை ஹெட்போனை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. முழுக்க இடப்பக்கம் தள்ளியிருந்தால் பாதியளவு உள்ளே கொண்டுவாருங்கள். பிறகு இடது, வலது இரண்டையும் ஒன்றாக்கி மோனோவில் ஒருமுறை போட்டு, பாட்டுக்கு அடியில் வயலின் காணாமல் போகிறதா என்று பாருங்கள். ஒலியளவை, பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும் அளவுக்கே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். சத்தமாக வைத்தால் பேஸும் ட்ரெபிளும் உள்ளதைவிட அதிகமாகத் தெரிந்து, மறுபடியும் தொப்பியை வெட்டத் தோன்றும்.