காபிச் செடியைப் பிடிக்கப் போன கை

பாம்பைப் பார்த்த கதை என்றால் காலடியில் நெளிந்தது, புதருக்குள் ஓடியது என்றுதான் பெரும்பாலும் கேட்டிருக்கிறேன். நான் பார்த்தது ஓடவும் இல்லை, நெளியவும் இல்லை. இடுப்பு உயரத்தில் ஒரு காபிக் கிளையில் சுருண்டு கிடந்தது, நான்தான் அதைப் பிடிக்கப் போனேன்.

போன வருஷம் ஐப்பசி. சித்தப்பா மகனும் நானும் பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்குப் போய், அவனுக்குத் தெரிந்தவரின் காபித் தோட்டம் வழியாக ஓடைக்கு இறங்கினோம். முன்னால் வழிகாட்டிக்கொண்டு அங்கே வேலை செய்யும் ஒரு அக்கா. முந்தின நாள் மழை, மண் வழுக்கியது. ஷூ போட்டிருக்கிறேன், குச்சியால் தட்டித் தட்டி வருகிறேன், கண் முழுக்கத் தரையில். ஒரு இடத்தில் கால் சறுக்கவும் பக்கத்துச் செடியைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"கையை எடு சாமி!"

அக்கா கத்தவில்லை, அழுத்திச் சொன்னார், அவ்வளவுதான். நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு முழத் தூரம் இருக்கும். இலையோடு இலையாக அதே பச்சை.

தம்பி முதலில் பச்சைப்பாம்பு என்றான். பச்சைப்பாம்பு கயிறு மாதிரி ஒல்லி, மூக்கும் கூராக இருக்கும். இதுவோ தடிமன், கழுத்து சிறுத்துத் தலை முக்கோணமாக இருந்தது. மூங்கில் குழிவிரியன். எழுந்து நாலடி பின்னால் வந்து போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே அந்தக் குழி தெரிந்தது. எலி மாதிரி இரையின் உடல் சூட்டை இருட்டில் உணர்வது அதை வைத்துத்தான். ராத்திரி இரை தேடும், பகலில் அசையாது. அதன் முதுகில் ஒரு மழைத்துளி நின்றது, நாங்கள் இருந்த அத்தனை நேரமும் அது உருளவே இல்லை.

தம்பி குச்சியால் தள்ளிவிடலாமா என்று ஆரம்பித்தான். (இப்படி ஒருத்தன் எல்லாக் கூட்டத்திலும் இருப்பான்.) அக்கா முறைத்த முறைப்பில் குச்சி கீழே போனது. செடியை விட்டு நன்றாக விலகி, மேட்டுப் பக்கமாகச் சுற்றி இறங்கினோம்.

இது கடித்து உயிர் போவது அபூர்வம், ஆனால் கை வீங்கி வலி உயிரை எடுத்துவிடும். நம்மூரில் போடும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 பாம்புகளின் விஷத்தை வைத்துத் தயாரிப்பது, குழிவிரியன் அதில் இல்லை. அதற்காக வீட்டில் படுத்துவிடவும் முடியாது. கட்டுப் போடாமல், கீறாமல், கையை அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இதெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகு படித்தது, அங்கே சேற்றில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது.

இரவு அம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன். போனைக் கிட்டே வைத்து, தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, "பாம்பு எங்கடா? வெறும் செடியால்ல இருக்கு" என்றார்.